ஷேர்பாயிண்ட் இன்ட்ராநெட்டில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வழிசெலுத்தல் இணைப்புகளை ஒரே இடத்தில் நிர்வகிப்பது எப்படி?

நொய்யல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இன்ட்ராநெட் (நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் இணையதளம்) பொறுப்பைக் கவனித்துவருகிறேன். தலைமை அலுவலகமும் முதல் ஆலையும் கோவையில் உள்ளன. ஓசூரிலும் புனேயிலும் வேறு இரண்டு ஆலைகள் உள்ளன. எங்கள் இன்ட்ராநெட் முழுவதும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் இயங்குகிறது. மனிதவளம், நிதி, கொள்முதல், தரக் கட்டுப்பாடு, பணியிடப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு துறைக்கும் தனித் தளம் இருக்கிறது. அதோடு ஆலைகளுக்கும் பெரிய திட்டங்களுக்கும் தனித்தனியே தளங்கள் காலப்போக்கில் உருவாகிவிட்டன.

இந்தத் தளங்களின் மேற்பட்டையில் உள்ள இணைப்புகளை அந்தந்தத் தளத்தின் உரிமையாளர்களே கையால் சேர்த்துவந்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டுக்கான மென்பொருளை அண்மையில் மாற்றியபோது மனிதவளத் துறையின் தளத்தில் புதிய முகவரியை இட்டோம். மற்ற பல தளங்களில் பழைய முகவரியே நீடித்தது. அதைவிடக் கவலை தருவது விபத்து அறிக்கைப் படிவம். அது ஒரு தளத்தில் ‘பாதுகாப்பு’ என்பதன் கீழும், இன்னொன்றில் ‘படிவங்கள்’ என்பதன் கீழும் இருக்கிறது. ஓர் ஆலையின் தளத்தில் எங்குமே இல்லை. பட்டறையில் ஒருவருக்குக் காயம்பட்டிருக்கும் நேரத்தில் மேற்பார்வையாளர் அந்தப் படிவத்தைத் தேடி அலைய நேரக் கூடாது என்பதுதான் என் முதல் அக்கறை.

பொதுவான இணைப்புகளை ஒரே இடத்தில் திருத்தினால் எல்லாத் தளங்களிலும் அது தெரிய வேண்டும். துறைத் தளங்களின் உரிமையாளர்கள் அவற்றை அழிக்கவோ மாற்றவோ இயலக் கூடாது. ஆனால் தங்கள் துறைக்கே உரிய இணைப்புகளைத் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். ஓசூர் ஆலையின் பணிமுறை அட்டவணை ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். கைப்பேசியிலும் இவை கிடைக்க வேண்டும்; ஏனெனில் ஆலைப் பணியாளர்களில் பெரும்பாலோரிடம் அலுவலகக் கணினி இல்லை.

இதற்கு ஹப் தளம் (பல தளங்களை ஒன்றிணைக்கும் மையத் தளம்), குளோபல் நேவிகேஷன் (எல்லாத் தளங்களிலும் தெரியும் இணைப்புப் பட்டியல்), டெர்ம் ஸ்டோர் (சொற்தொகுப்புகளை மையமாகச் சேமிக்கும் இடம்), பவர்ஷெல் நிரல் (கட்டளைகளால் வேலையைத் தானியக்கமாக்கும் நிரல்) என்று நான்கு வழிகளைப் படித்தேன். எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் தெளிவு இல்லை. டெர்ம் ஸ்டோரைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு: ஷேர்பாயிண்டின் பழைய கிளாசிக் வகையில் அமைந்த பப்ளிஷிங் தளம் (உள்ளடக்கத்தை வெளியிடுவதற்கான தளம்) ஒன்று எங்களிடம் இன்னும் இருக்கிறது, அதன் வழிசெலுத்தல் பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது. நிர்வாகக் குழுவின் ஆவணத் தளத்துக்கான இணைப்பை ஆடியன்ஸ் டார்கெட்டிங் (குறிப்பிட்ட குழுவினருக்கு மட்டும் இணைப்பைக் காட்டும் வசதி) கொண்டு மற்றவர்களிடமிருந்து மறைத்தால் அது போதுமான பாதுகாப்பாகுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

தளவாய் எழுதியது:

வணக்கம் நொய்யல். உங்கள் தேவையில் இரண்டு வகை இணைப்புகள் கலந்திருக்கின்றன. நிறுவனத்தில் உள்ள எவரும், எந்தத் தளத்தில் இருந்தாலும், எட்ட வேண்டியவை முதல் வகை: சம்பளச் சீட்டு, விடுப்பு, விபத்து அறிக்கை, கணினி உதவி மையம் போன்றவை. ஒன்றோடொன்று தொடர்புடைய தளங்களுக்குள் போய்வர உதவுபவை இரண்டாம் வகை: ஓசூர் ஆலையின் பணிமுறை, பராமரிப்பு, தரம் ஆகியவற்றுக்கான பக்கங்கள் போன்றவை. முதல் வகைக்குக் குளோபல் நேவிகேஷனும் இரண்டாம் வகைக்கு ஹப் தளமும் பொருந்தும். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதிலேயே திணித்தால், பட்டியல் நீண்டு பயனற்றுப் போகும்.

குளோபல் நேவிகேஷன் என்பது ஷேர்பாயிண்டின் இடது ஓரத்தில் தெரியும் ஆப் பார் என்ற பட்டையின் ஒரு பகுதி. நவீன வகைத் தளங்கள் (கிளாசிக் அல்லாதவை) அனைத்திலும் அந்தப் பட்டை வந்துவிடுவதால், தளம் எந்த ஹப்பில் சேர்ந்திருந்தாலும், எதிலுமே சேராதிருந்தாலும், இணைப்புகள் கிடைக்கும். இதற்கு முதலில் ஒரு ஹோம் தளம் (இன்ட்ராநெட்டின் முகப்புத் தளம்) வேண்டும். அது கம்யூனிகேஷன் தளமாக (பலருக்கும் தகவல் தெரிவிப்பதற்கான தள வகையாக) இருக்க வேண்டும். குழுத் தளத்தை ஹோம் தளமாக்க இயலாது. நிர்வாக மையத்தில் ஷேர்பாயிண்ட் நிர்வாகி அதை ஹோம் தளமாக அறிவித்த பிறகு, அந்தத் தளத்துக்குச் சென்று பல்சக்கர அடையாளத்தை அழுத்தினால் குளோபல் நேவிகேஷனுக்கான அமைப்புகள் தெரியும். அங்கே அதை இயக்கி, தலைப்பு ஒன்றை இட்டு, இணைப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் தேர்வில் நிதானம் தேவை. ஹோம் தளத்தின் சொந்தப் பட்டியலையே குளோபல் பட்டியலாகக் காட்டலாம். ஹோம் தளம் ஹப்பாகவும் இருந்தால் அந்த ஹப்பின் பட்டியலைக் காட்டலாம். நான் பரிந்துரைப்பது, ஹோம் தளத்தையே ஒரு ஹப்பாகப் பதிவு செய்து, ஹப் பட்டியலைக் குளோபல் பட்டியலுக்கு மூலமாக வைப்பது. அப்போது ஹோம் தளத்தின் சொந்தப் பட்டியல் அந்தத் தளத்துக்குள் இருக்கும் செய்திகள், நிகழ்ச்சிகள் முதலியவற்றுக்காகத் தனியே கிடைக்கும். நிறுவனத்தின் பொது இணைப்புகள் அதனோடு கலக்காது.

ஒரு நிபந்தனையைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஹோம் தளத்தைப் படிக்கும் அனுமதி இல்லாதவருக்குக் குளோபல் நேவிகேஷனும் தெரியாது. ஆகவே வெளியாட்கள் நீங்கலாக அனைத்துப் பணியாளர்களையும் குறிக்கும் குழுவை ஹோம் தளத்தின் பார்வையாளர்களாகச் சேர்த்துவிடுங்கள். ஆலைப் பணியாளர்கள் சிலருக்கு மட்டும் பட்டியல் வரவில்லை என்ற புகார் எழுந்தால், முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

இனி ஹப் தளங்கள். இவை 2018-இல் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரு தளத்தை நிர்வாக மையத்தில் ஹப்பாகப் பதிவு செய்து மற்றத் தளங்களை அதனோடு இணைத்தால், இணைந்த ஒவ்வொரு தளத்தின் உச்சியிலும் ஹப்பின் பட்டியல் தோன்றும். தளத்தின் சொந்தப் பட்டியல் அதன் கீழே அப்படியே இருக்கும். ஹப்பின் பட்டியலைத் திருத்தும் உரிமை ஹப் தளத்தின் உரிமையாளர்களுக்கே உண்டு என்பதால், நீங்கள் கேட்ட பங்கீடு கூடுதல் முயற்சி இல்லாமலே அமைந்துவிடுகிறது. ஆனால் இணைந்த தளத்தின் உரிமையாளர் தன் தளத்தை ஹப்பிலிருந்து விலக்கிக்கொள்ள இயலும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஹப்போடு தளங்களை இணைக்க யாருக்கு உரிமை என்பதை நிர்வாக மையத்தில் கட்டுப்படுத்தலாம். விலகுவதைத் தடுப்பதற்கோ, தளத்தின் உரிமையாளர்களின் எண்ணிக்கையையே குறைவாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை வழி. இணையும் தளம் ஹப்பின் வண்ணத் தோற்றத்தையும் ஏற்கும் என்பதை முன்கூட்டியே துறைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. அதைச் சொல்லாமல் செய்தால் எழும் வருத்தம், இணைப்புகள் பற்றிய பேச்சையே மறக்கடித்துவிடும்.

ஒரு தளம் ஒரே ஒரு ஹப்போடுதான் இணையும். உங்கள் நிறுவனத்தில் இதுதான் கடினமான முடிவாக இருக்கும்: ஓசூர் ஆலையின் மனிதவளத் தளம் ஓசூர் ஹப்பில் சேர வேண்டுமா, மனிதவள ஹப்பில் சேர வேண்டுமா? ஆலைக்கு ஒன்றாக மூன்று ஹப்களும், தலைமை அலுவலகத் துறைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு ஹப்பும் போதும் என்பது என் கருத்து. ஆலையில் வேலை செய்பவருடைய அன்றாடம் ஆலையைச் சுற்றியே நடக்கிறது. மனிதவளத் துறையை அவர் நாடுவது விடுப்புக்கும் சம்பளத்துக்கும்தான், அந்த இணைப்புகளோ ஏற்கெனவே குளோபல் பட்டியலில் இருக்கின்றன. ஒரு நிறுவனம் 2,000 ஹப்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதைப் பார்த்து, துறைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று என்று உருவாக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

ஒரு ஹப்பை இன்னொரு ஹப்போடு இணைக்கும் வசதியும் உண்டு. மேல் ஹப்பின் பட்டியல் கீழ் ஹப்களுக்கும் தானாக இறங்கும் என்று நம்பி அதைச் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த இணைப்பு தேடல் முடிவுகளை விரிவாக்குவதற்கானது. பட்டியல் வழிவழியாக இறங்குவதில்லை. அந்த வேலையைச் செய்வது குளோபல் நேவிகேஷன்தான்.

அடுத்து ஆடியன்ஸ் டார்கெட்டிங். ஓசூர்ப் பணிமுறை அட்டவணையை ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் காட்டுவதற்கு இது மிகவும் ஏற்றது. பட்டியலின் திருத்த நிலையில் இதை இயக்கி, ஒவ்வோர் இணைப்புக்கும் 10 குழுக்கள் வரை குறிக்கலாம்; மைக்ரோசாஃப்ட் 365 குழுக்களும் பாதுகாப்புக் குழுக்களும் செல்லும். தாய் இணைப்பு ஒருவருக்கு மறைக்கப்பட்டால் அதன் கீழுள்ளவையும் அவருக்கு மறைந்துவிடும் என்பதால், குழுவைத் தலைப்பில் இடுவதா கிளையில் இடுவதா என்பதை யோசித்துச் செய்யுங்கள். பணியாளரின் ஊர் விவரம் நிறுவனத்தின் பயனர் அடைவில் சரியாகப் பதிவாகியிருந்தால், அதைக் கொண்டு தானாக உறுப்பினர்களைச் சேர்க்கும் குழுவை அமைக்கலாம். இல்லாவிட்டால் ஒருவர் புனேக்கு மாறுதலாகிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் அவருக்கு ஓசூர் இணைப்புகளே தெரிந்துகொண்டிருக்கும்.

நிர்வாகக் குழுவின் ஆவணங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் உறுதியானது: போதாது. டார்கெட்டிங் இணைப்பை மட்டுமே மறைக்கிறது. முகவரி தெரிந்தவர் நேரடியாகச் செல்லலாம். அனுமதி இருந்தால் தேடலிலும் அந்த ஆவணங்கள் அவருக்குக் கிடைக்கும். பாதுகாப்பு என்பது அந்தத் தளத்தின் அனுமதிகளில் இருக்க வேண்டும். மறுபுறம், கையால் சேர்த்த இணைப்பு அனுமதியைப் பார்த்துத் தானாக மறைவதும் இல்லை. அனுமதியற்றவர் அழுத்தினால் மறுப்புப் பக்கம்தான் வரும். ஆகவே முதலில் அனுமதியைச் சரிசெய்து, பிறகு வீண் தொல்லையைத் தவிர்ப்பதற்காக டார்கெட்டிங் செய்வதே முறை.

கைப்பேசியைப் பொறுத்தவரை, டீம்ஸ் செயலியில் விவா கனெக்ஷன்ஸை (இன்ட்ராநெட்டை டீம்ஸுக்குள் கொண்டுவரும் வசதியை) அமைத்துவிட்டால் குளோபல் பட்டியலின் இணைப்புகள் அங்கேயும் கிடைக்கும். அதே பட்டியல் என்பதால் தனியே பராமரிக்க வேண்டியதில்லை. கணினி இல்லாத பணியாளர்கள் மிகுந்த உங்கள் நிறுவனத்தில், குளோபல் நேவிகேஷனைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

---

கரிசல் எழுதியது:

தளவாய் சொன்ன அமைப்பை நானும் ஆதரிக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட மற்ற இரண்டு வழிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; ஏனெனில் பழைய தளம் ஒன்று உங்களிடம் இருப்பதால், யாரேனும் அதைக் காட்டி “இதையே எல்லா இடத்துக்கும் நீட்டிக்கலாமே” என்று கேட்கக்கூடும்.

டெர்ம் ஸ்டோரிலிருந்து பட்டியலை உருவாக்கும் மேனேஜ்டு நேவிகேஷன் முறை ஷேர்பாயிண்ட் 2013-உடன் வந்தது. ஒரு சொற்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பட்டியலில் ஓர் இணைப்பாகும். பப்ளிஷிங் தளம் ஒன்றுக்குள் அது அழகாக வேலை செய்தது. ஆனால் ஒரு சொற்தொகுப்பை ஒரே ஒரு தளத் தொகுதியின் பட்டியலுக்குத்தான் பயன்படுத்த முடியும் என்ற கட்டுப்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்தது. பல தளத் தொகுதிகளுக்கு ஒரே பட்டியல் வேண்டியவர்கள், மையமான ஒரு தொகுப்பை உருவாக்கி, ஒவ்வொரு தளத்துக்கும் தனித் தொகுப்பு அமைத்து, மையச் சொற்களை அவற்றில் ‘பின்’ (pin) செய்து, அதாவது மையத்தோடு தொடர்பு அறாதபடி பொருத்தி வைத்தார்கள். பின் செய்த சொல்லை மையத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும் என்பது உண்மைதான். ஆனால் புதிய தளம் உருவாகும்போதெல்லாம் இந்தச் சடங்கு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். நவீனத் தளங்களுக்கு இன்று இதைப் புதிதாகத் தொடங்குவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பவர்ஷெல் வழியைப் பொறுத்தவரை, அது மைய நிர்வாகம் போலத் தோன்றினாலும் உண்மையில் நகலெடுப்பு வேலை. பொது இணைப்புகளை ஒரு ஷேர்பாயிண்ட் லிஸ்ட்டில் (அட்டவணை போன்ற தரவுத் தொகுப்பில்) எழுதி வைத்து, அதைப் படித்து ஒவ்வொரு தளத்தின் மேற்பட்டையிலும் எழுதும் நிரலைப் பிஎன்பி பவர்ஷெல்லில் (ஷேர்பாயிண்டுக்கான பவர்ஷெல் கட்டளைத் தொகுப்பில்) சுலபமாக எழுதிவிடலாம். நிரல் ஓடிய நாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மறுநாள் ஓர் உரிமையாளர் தன் தளத்தில் ஒன்றை நீக்கினால் அது நீங்கியதுதான். இரவுதோறும் நிரலை ஓடவிட்டால் அவர் தனக்கென வைத்திருந்த இணைப்புகளோடு மோதும். எது மையத்திலிருந்து வந்தது, எது அவருடையது என்பதை நிரல் அடையாளம் காண வேண்டியிருக்கும். சம்பளச் சீட்டின் பழைய முகவரியைத் தளங்களிலிருந்து தேடிக் களைவதற்கு நிரலைப் பயன்படுத்துங்கள், அதற்கு அது மிகவும் பயன்படும். நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

ஐந்தாவதாக ஒரு வழி உண்டு. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. ஷேர்பாயிண்ட் ஃப்ரேம்வொர்க்கில் (ஷேர்பாயிண்டுக்கான நிரலாக்கக் கட்டமைப்பில்) அப்ளிகேஷன் கஸ்டமைசர் என்ற நீட்சியை எழுதி, பக்கத்தின் உச்சியில் அதற்கென விடப்பட்டுள்ள இடத்தில் நம் சொந்தப் பட்டியலைக் காட்டுவது. ஆப் கேட்டலாகில் (நிறுவனத்தின் செயலிக் கிடங்கில்) ஏற்றி நிறுவனம் முழுவதற்கும் இயக்கினால், ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. இணைப்புகளை டெர்ம் ஸ்டோரிலோ ஹோம் தளத்தின் ஒரு லிஸ்ட்டிலோ வைத்து, அங்கிருந்து படிக்கலாம். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் இதைச் செய்தோம். அங்கே ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருந்தது. உள்ளமைந்த வசதிகள் எதுவும் அதைத் தருவதில்லை.

ஆனால் அதன் விலையை அறிந்தே அதில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் உங்கள் நிரல் ஓடுகிறது. இணைப்புகளை உலாவியின் நினைவகத்தில் சேமித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் சேவையகத்திடம் கேட்டால், இன்ட்ராநெட் முழுவதும் மெதுவாகிவிட்டதாகப் பணியாளர்கள் உணர்வார்கள், அது நியாயமான புகாரும் ஆகும். ஃப்ரேம்வொர்க்கின் புதிய பதிப்புகள் வரும்போது நிரலைப் புதுப்பிக்க வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுச் சென்றால், அந்தப் பொறுப்பை ஏற்க இன்னொருவர் இருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் உள்ள தேவைகளில் எதுவும் இந்த அளவுக்கு உங்களைக் கட்டாயப்படுத்துவதாக எனக்குத் தெரியவில்லை. கிளாசிக் காலத்தில் மாஸ்டர் பேஜைத் (பக்கங்களுக்கெல்லாம் பொதுவான வார்ப்பை) திருத்தித் தங்கள் பட்டியலை அதில் பொருத்திய நிறுவனங்கள், நவீனப் பக்கங்கள் வந்தபோது அந்த உழைப்பு முழுவதையும் இழந்தன. நவீனப் பக்கங்கள் அந்த மாஸ்டர் பேஜைப் பொருட்படுத்துவதே இல்லை. உள்ளமைந்த வசதி தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றுமானால், மீதியை விட்டுக்கொடுப்பதே நீண்ட காலத்துக்கு நல்லது என்று அந்த அனுபவத்திலிருந்து கருதுகிறேன்.

---

மருதம் எழுதியது:

நான் நிரலாளர் அல்ல. வேறொரு நிறுவனத்தின் உள் தொடர்புப் பிரிவில் இன்ட்ராநெட் உள்ளடக்கத்தைக் கவனிப்பவள். மேலே இருவரும் எங்கே அமைப்பது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் எதை வைப்பது, யார் முடிவு செய்வது என்பது பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏனெனில் மையப் பட்டியல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குளோபல் பட்டியல் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தவுடன் ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் துறையின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று கேட்பார். அதற்கு இசைந்தால் பட்டியல் நிறுவனத்தின் அமைப்பு வரைபடமாக மாறிவிடும். உங்கள் ஓசூர் மேற்பார்வையாளருக்கு, விபத்து அறிக்கையை எந்தத் துறை வைத்திருக்கிறது என்பது தெரிய வேண்டிய அவசியமில்லை. ‘விபத்தைத் தெரிவிக்க’, ‘விடுப்பு எடுக்க’, ‘சம்பளமும் படிகளும்’, ‘கணினிப் பழுது’ என்று அவர் செய்ய வந்த வேலையின் பெயரிலேயே தலைப்புகளை அமையுங்கள். துறைகளின் பட்டியல் வேண்டுமானால் கடைசியாக ஒரு தலைப்பின் கீழ் அகரவரிசையில் இருக்கட்டும்.

மெகா மெனுவில் (அகலமாக விரியும் பட்டியலில்) மூன்று நிலைகள் வரை வைக்கலாம். மூன்றாம் நிலையை நான் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் கைப்பேசியில் ஒவ்வொரு நிலையும் கூடுதலாக ஒரு முறை தொட வேண்டிய வேலை. ஒரு நிலையில் 500-க்கு மேல் இணைப்புகள் வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது மென்பொருளின் வேகத்தைக் கருதி. மனிதரின் கண்ணுக்கு அதில் மிகச் சிறிய பங்கே தாங்கும். விபத்து அறிக்கையை எந்தத் தலைப்பின் உள்ளேயும் வைக்காமல், முதல் நிலையிலேயே, பட்டியலின் உச்சியில் வையுங்கள். வேறு எந்த இணைப்பைப் பற்றியும் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். எங்கள் நிறுவனத்தில் ஒரு சிறிய அட்டவணை வைத்திருக்கிறோம்: இணைப்பின் பெயர், அது செல்லும் முகவரி, அதற்குப் பொறுப்பான பதவி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுவது முக்கியம். ஆட்கள் மாறினாலும் பொறுப்பு நிற்கும். புதிய இணைப்பு கேட்பவர் அதே அட்டவணையின் வழியாகத்தான் கேட்க வேண்டும், யார் பயன்படுத்துவார்கள் என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒரு வரியைக் கேட்டதாலேயே பல கோரிக்கைகள் தாமாகவே திரும்பப் பெறப்பட்டன. ஹப் தளத்தின் உரிமையாளர்களாக இரண்டு மூன்று பேருக்கு மேல் வைக்காதீர்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போகும் நாளில் சிக்கல்.

முகவரிகளைப் பற்றியும் ஒரு சொல். இணைப்பைக் குறிப்பிட்ட ஒரு கோப்புக்கு நேரடியாக இடுவதைத் தவிர்த்து, அந்தக் கோப்பு இருக்கும் பக்கத்துக்கு இடுங்கள். விடுப்பு விதிகளின் புதிய பதிப்பு வேறு கோப்புப் பெயரில் வந்தாலும், பக்கத்தைத் திருத்தும் மனிதவளத் துறையே அதைக் கவனித்துக்கொள்ளும், மையப் பட்டியலைத் தொட வேண்டியிராது. சம்பள மென்பொருள் போன்ற வெளிச் செயலிகளுக்குப் புதிய தாவலில் திறக்கும் தேர்வை இடுங்கள். இன்ட்ராநெட்டுக்குள்ளேயே செல்லும் இணைப்புகளுக்கு அது தேவையில்லை.

தளவாய் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. ஆலைக்கு ஒரு ஹப் என்பது சரி. ஆனால் பணியிடப் பாதுகாப்புத் துறையைத் தலைமை அலுவலக ஹப்பில் சேர்க்காமல், அதன் முக்கியப் பக்கங்களுக்கான இணைப்புகளை மூன்று ஆலை ஹப்களின் பட்டியலிலும் ஒரே பெயரில், ஒரே வரிசையில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று இடத்தில் பராமரிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆலையில் நிற்பவரின் கண்முன் அது எப்போதும் இருப்பதற்காக அந்தக் கூடுதல் வேலையை ஏற்கலாம்.

---

நொய்யல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வகை இணைப்புகள் என்ற பிரிப்பு எங்கள் விவாதத்தை உடனே நேராக்கிவிட்டது. மருதம் அவர்கள் சொன்ன அட்டவணையை இன்றே தொடங்கிவிட்டேன். பாதுகாப்பு இணைப்புகளை ஆலை ஹப்களிலும் வைப்பதற்குப் பாதுகாப்புத் துறையினர் மகிழ்வோடு இசைந்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பழைய கிளாசிக் பப்ளிஷிங் தளத்தில் தரக் கட்டுப்பாட்டு நடைமுறை ஆவணங்கள் இருக்கின்றன, தணிக்கை முடியும்வரை அதை மாற்ற முடியாது என்கிறார்கள். அங்கே இந்தப் பட்டியல்கள் தெரியுமா? ஹப் பட்டியலை யாரேனும் தவறுதலாக அழித்துவிட்டால் மீட்க வழி உண்டா?

---

தளவாய் எழுதியது:

கிளாசிக் பக்கங்களில் ஆப் பாரும் தெரியாது, ஹப் பட்டியலும் தெரியாது. அந்தத் தளத்தை ஹப்போடு இணைத்தாலும், பட்டியல் அதன் நவீனப் பக்கங்களில் மட்டுமே வரும். ஆகவே தணிக்கை முடியும்வரை அங்கே இருக்கும் டெர்ம் ஸ்டோர்ப் பட்டியலை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் ஹோம் தளத்துக்கு ஓர் இணைப்பையும் விபத்து அறிக்கைக்கு ஓர் இணைப்பையும் மட்டும் சேருங்கள்; குளோபல் பட்டியல் முழுவதையும் அங்கே நகலெடுக்க முயன்றால், நீங்கள் எதிலிருந்து விடுபட விரும்புகிறீர்களோ அதே நிலை ஒரு மூலையில் மறுபடியும் தொடங்கும். அந்த இரண்டு இணைப்புகளையும் மருதம் அவர்களின் அட்டவணையில் தனி வரிகளாகப் பதிந்து வையுங்கள். முகவரி மாறும் நாளில் இந்தத் தளத்தை மறந்துவிடாமல் இருக்க அது உதவும். தணிக்கை முடிந்த பிறகு ஆவணங்களைப் புதிய கம்யூனிகேஷன் தளம் ஒன்றுக்கு மாற்றி, அதைத் தலைமை அலுவலக ஹப்பில் சேர்த்துவிடலாம்.

அழித்த இணைப்புகளுக்குக் குப்பைத் தொட்டி வசதி கிடையாது, போனது போனதுதான். ஆகவே பிஎன்பி பவர்ஷெல்லைக் கொண்டு ஹப் தளத்தின் வழிசெலுத்தல் அமைப்பை மட்டும் வார்ப்புருக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் முன்பு ஒரு முறை, திருத்தத்துக்குப் பிறகு ஒரு முறை என்று எடுத்து, தேதியைக் கோப்பின் பெயரில் இட்டுச் சேமித்தால் போதும். ஆடியன்ஸ் டார்கெட்டிங்குக்காக ஒவ்வோர் இணைப்புக்கும் எந்தக் குழுக்களைக் குறித்தீர்கள் என்பதையும் அட்டவணையில் எழுதிவையுங்கள். மீட்டெடுக்க நேர்ந்தால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறைக்குக் கொண்டுவரும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஹோம் தளத்தின் அனுமதியைச் சரிசெய்து குளோபல் பட்டியலை இயக்குங்கள். அது எந்தத் தளத்தின் தோற்றத்தையும் மாற்றாது என்பதால் எதிர்ப்பு எழாது. அடுத்து ஓசூர் ஆலையை மட்டும் ஹப்பாக்கி, அங்குள்ள தளங்களை இணைத்துப் பாருங்கள். ஹப் பட்டியலில் செய்யும் திருத்தம் இணைந்த தளங்களில் உடனே தெரியாமல் போகலாம். இடைத்தேக்கம் (தற்காலிகமாகச் சேமித்திருக்கும் பழைய நகல்) புதுப்பிக்கப்படும்வரை பொறுத்திருங்கள், அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் சேர்த்து இணைப்புகளை இரட்டிப்பாக்கிவிட வேண்டாம். மேற்பார்வையாளர் ஒருவரிடம் அவருடைய சொந்தக் கைப்பேசியிலேயே விபத்து அறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழி காட்டாமல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் கோவைக்கும் புனேக்கும் போகலாம். துறைத் தளங்களின் மேற்பட்டையில் உள்ள பழைய, இரட்டிப்பான இணைப்புகளை நீக்குவதை இவை எல்லாம் முடிந்த பிறகு, கரிசல் சொன்ன நிரலைக் கொண்டு, உரிமையாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யுங்கள்.